யூனிஃபார்ம் கழட்டுறதுக்கு முன்னாடி பேப்பரைச் சேத்துக்கோங்க

ஏர்ஃபோர்ஸ்ல டெக்னிக்கல் ட்ரேடுல இருக்கற நம்ம ஊர்த் தம்பிங்க, 20 வருஷம் முடிஞ்சு அடுத்து என்னன்னு யோசிச்சுட்டு இருக்கற அண்ணன்மார், எல்லாருக்கும் சேத்துதான் இதை எழுதுறேன். நானும் எஞ்சின் ஃபிட்டரா இருந்துட்டு வெளிய வந்தவன், இப்ப ஒரு எம்ஆர்ஓ-வுல (சிவில் விமானத்தை ரிப்பேர், பராமரிப்பு பண்ற கம்பெனி) பி1.1 மெயின்டனன்ஸ் லைசென்ஸ்ல வேலை பாக்குறேன், ஆள் எடுக்கறப்ப இன்டர்வியூ பேனல்லயும் உக்கார வெச்சுடுவாங்க. அங்க உக்காந்து பாத்தா வருஷா வருஷம் ஒரே கதைதான்: வர்றவருக்கு தொழில் அத்துப்படி, ஆனா அதை நிரூபிக்க கைல ஒரு காயிதம் கிடையாது.

கணக்கு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 19 வயசுல சேந்தா 39ல வெளிய வரலாம், 15 வருஷம் தாண்டிட்டா பென்ஷன் உண்டு, வைத்தியத்துக்கு இசிஹெச்எஸ் இருக்கு, கேன்டீன் இருக்கு, அதனால ஒண்ணும் பட்டினி கிடக்கப் போறதில்ல. ஆனா அந்த வயசுல புள்ளைங்க எட்டாவது பத்தாவது படிச்சுட்டு இருக்கும், வீட்டு லோன் பாதியில நிக்கும், நமக்கும் வீட்ல சும்மா உக்காந்து பேப்பர் படிக்கற வயசு இல்ல. அப்ப என்ன பண்றோம்னா, பக்கத்து க்வார்ட்டர்ஸ்காரர் என்ன பண்ணாரோ அதையே பண்றோம். பேங்க் க்ளார்க் எக்ஸாம் எழுதுறோம் (பொதுத்துறை பேங்க்ல க்ளார்க் வேலைக்கு எக்ஸ் சர்வீஸ்மேன் ஒதுக்கீடு 14.5 சதவீதம், மத்திய அரசு குரூப் சி-ல 10 சதவீதம்), இல்லன்னா டெக்ஸ்கோல (முன்னாள் ராணுவத்தினருக்கான தமிழ்நாடு அரசு நிறுவனம்) பேரு குடுத்துட்டு எங்கயாவது கேட்ல செக்யூரிட்டியா நிக்கறோம். பேங்க் வேலையை நான் குறை சொல்லல, மரியாதையான வேலை, ஊர்ப்பக்கமே போஸ்டிங் வாங்கிக்கலாம். ஆனா 18 வருஷம் ஜெட் எஞ்சின் பிரிச்சு மாட்டுனவர் ஒரு ஏடிஎம் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்கறதைப் பாக்கறப்ப எனக்கு வயிறு எரியும், அதை மறைக்க மாட்டேன். ஏன்னா இந்தப் பக்கம் ஆள் பத்தல. 2023ல மட்டும் ஏர் இந்தியா 470 விமானம், இண்டிகோ 500 விமானம்னு ஆர்டர் போட்டாங்க, அது ஒவ்வொண்ணா வந்து இறங்க இறங்க அதைப் பாத்துக்க ஆள் வேணும்ல. நம்ம ஓசூர்லயே எம்ஆர்ஓ இருக்கு, ஹைதராபாத், பெங்களூரு, நாக்பூர்னு எங்க பாத்தாலும் ஹேங்கர் கட்டிட்டு இருக்காங்க.

சரி, அப்ப நேரா போய் சேர வேண்டியதுதானேன்னா, அங்கதான் முட்டுக்கட்டை. சிவில்ல விமானத்தை ரிலீஸ் பண்றதுக்கு, அதாவது பறக்கத் தயார்னு கையெழுத்து போடறதுக்கு, சிவில் விமானத் துறையைக் கண்காணிக்கற டிஜிசிஏ குடுக்கற ஏஎம்இ (விமானப் பராமரிப்பு இன்ஜினியர்) லைசென்ஸ் வேணும். அதோட விதிப் புத்தகம் சிஏஆர்-66. டர்பைன் எஞ்சின் உள்ள விமானம்னா பி1.1, டர்பைன் ஹெலிகாப்டர்னா பி1.3, ஏவியானிக்ஸ்னா பி2. ப்ரொபல்ஷன், ஏர்ஃப்ரேம் பாத்தவங்களுக்கு பி1, எலக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்ட் பாத்தவங்களுக்கு பி2ன்னு தோராயமா வெச்சுக்கலாம். வெப்பன் ஃபிட்டர் தம்பிகளுக்கு நேரடியா பொருந்துற கேட்டகிரி கிடையாது, பாம் மாட்டுற வேலை சிவில்ல இல்ல, அவங்க க்வாலிட்டி, ஸ்டோர்ஸ், ப்ளானிங், இல்ல டிஃபென்ஸ் கம்பெனிங்க பக்கம் பாக்கறதுதான் நடைமுறை. இதை யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டேங்கறாங்க.

லைசென்சுக்கு ரெண்டு விஷயம் கேப்பாங்க. ஒண்ணு மாட்யூல் எக்ஸாம், ஏர் லெஜிஸ்லேஷன், ஹியூமன் ஃபேக்டர்ஸ், மெயின்டனன்ஸ் ப்ராக்டிசஸ், கேஸ் டர்பைன் எஞ்சின்னு வரிசையா இருக்கும். படிச்சா பாஸ் பண்ணிடலாம், ஏர்ஃபோர்ஸ் ட்ரெய்னிங்ல தாம்பரம் எம்டிஐ-லயோ ஜாலஹள்ளிலயோ கத்துக்கிட்டதுல பாதி அதுக்குள்ள வந்துடும், லெஜிஸ்லேஷன் மட்டும்தான் புதுசா உக்காந்து உருப்போடணும். ரெண்டாவது அனுபவம். ராணுவத்துல பாத்த மெயின்டனன்ஸ் அனுபவத்தை விதி ஏத்துக்குது, அதுக்கு மேல சிவில் விமானத்துல கொஞ்ச காலம் வேலை பாத்திருக்கணும்னும் கேக்குது, அதுலயும் ஒரு பகுதி சமீபத்துல பாத்ததா இருக்கணும். எவ்வளவு காலம், எந்த ட்ரேடுக்கு எதுங்கறதை டிஜிசிஏ வெப்சைட்ல லேட்டஸ்ட் ரிவிஷனைத் தொறந்து நீங்களே படிங்க, சீனியர் சொன்னாரு, வாட்ஸப் குரூப்ல வந்துச்சுன்னு நம்பாதீங்க, விதி மாறிட்டே இருக்கும்.

அந்த அனுபவத்தை யாரு சொல்லணும்? நீங்க பாத்த யூனிட் சொல்லணும். எந்த விமானம், எந்த எஞ்சின், எந்த தேதியில இருந்து எந்த தேதி வரை, என்ன மாதிரி வேலை, ஃபர்ஸ்ட் லைனா (தினசரி செக்) செகண்ட் லைனா (ஹேங்கர்ல பண்ற பெரிய சர்வீசிங்), அதிகாரி கையெழுத்து, சீல். டிஸ்சார்ஜ் புக்ல "ட்ரேட்: ப்ரொபல்ஷன் ஃபிட்டர், கேரக்டர்: எக்ஸம்ப்ளரி"ன்னு இருக்கறது நல்லதுதான், ஆனா அதை வெச்சு ஒரு எஞ்சின் சேஞ்ச் பண்ணத் தெரியும்னு நிரூபிக்க முடியாது. உள்ள இருக்கறப்ப ஆர்டர்லி ரூமுக்கு நாலு நடை நடந்தா கிடைக்கற காயிதம் இது. வெளிய வந்துட்டு கேட்டா, உங்களைத் தெரிஞ்ச இன்ஜினியரிங் ஆபீசர் போஸ்டிங்ல தேஜ்பூர் போயிருப்பாரு, ஸ்குவாட்ரனே நம்பர்-ப்ளேட் ஆகி மூடியிருக்கும், அப்புறம் லெட்டர் மேல லெட்டர் போட்டுட்டு இருக்கணும். அதனால ஒவ்வொரு போஸ்டிங் முடியறப்பவும் க்ளியரன்ஸ் சிட்டோட சேத்து இதையும் வாங்கிடுங்க, கடைசி வருஷம் மொத்தமா வாங்கிக்கலாம்னு விடாதீங்க. ரகசியமான விவரம் எதுவும் அதுல வரக் கூடாது, அது உங்களுக்கே தெரியும்.

ரெஸ்யூமே பத்தி ஒண்ணு. "டிஎஸ்எஸ்-ல ஐசி-யா இருந்தேன், பிஎஃப்எஸ், டிஆர்எஸ், எல்எஃப்எஸ் பாத்தேன்"னு எழுதுனா கம்பெனி ஹெச்ஆர் பொண்ணுக்கு ஒரு மண்ணும் புரியாது, அடுத்த ரெஸ்யூமேக்கு போயிடும். லைன் மெயின்டனன்ஸ், ப்ரீஃப்ளைட், ட்ரான்சிட் செக், டெய்லி செக்னு எழுதுங்க. செகண்ட் லைன் சர்வீசிங்னா ஹேங்கர் செக், பிஆர்டி-ல (பேஸ் ரிப்பேர் டிப்போ) இருந்தீங்கன்னா ஓவர்ஹால் ஷாப். ஏஎன்-32 பாத்தவங்க "பழைய ரஷ்யன் விமானம், இதை யாரு கேப்பா"ன்னு தயங்குறாங்க. ஏன் தயங்கணும், இங்க சிவில்ல ஏடிஆர் விமானம் ஓடிட்டு இருக்கே, ரெண்டும் டர்போப்ராப். ஏஎன்-32ல இருக்கற ஏஐ-20 எஞ்சின்ல ப்ரொப்பெல்லர், கம்ப்ரஸர், டர்பைன் எல்லாம் ஒரே ஷாஃப்ட், ஏடிஆர்ல இருக்கற பிடபிள்யூ127ல ப்ரொப்பெல்லரை ஓட்டுற பவர் டர்பைன் தனியா சுத்தும், இந்த வித்தியாசத்தை இன்டர்வியூல நீங்களே எடுத்துச் சொன்னீங்கன்னா எதிர்ல இருக்கறவர் நிமிந்து உக்காருவாரு. கைக்கு மட்டும் கொஞ்ச நாள் பிடிபடாது, 17, 19ன்னு எம்எம் ஸ்பேனர் பிடிச்ச கைக்கு ஏழு பை பதினாறுன்னு இன்ச் கணக்கு வர நேரம் ஆகும், பிரஷர் கேஜ்லயும் பிஎஸ்ஐ-க்கு பழகணும்.

இன்டர்வியூல நடந்த ஒண்ணு சொல்றேன், யாருன்னு கேக்காதீங்க. சார்ஜென்டா இருந்து வந்தவர், ஹெலிகாப்டர் யூனிட், ஷூ பளபளன்னு இருந்துச்சு, நாற்காலியில முதுகு சாயாம உக்காந்திருந்தாரு. எங்க க்வாலிட்டி ஆளு, "ஃப்யூயல் நாசில் மாத்துறீங்க, டார்க் எவ்வளவு வெப்பீங்க?"ன்னு கேட்டாரு, அதாவது எவ்வளவு இறுக்குவீங்கன்னு. டக்குனு ஒரு நம்பர் சொன்னாரு மனுஷன், யூனிட்டோட. சொன்ன நம்பர் அவர் பாத்த எஞ்சினுக்கு சரியாவே இருந்திருக்கும். க்வாலிட்டி ஆளு பேனாவை மூடி வெச்சுட்டாரு. அவர் எதிர்பாத்த பதில், "மேனுவல்ல இன்னிக்கு இருக்கற ரிவிஷனைப் பாத்துட்டு சொல்றேன் சார்", அவ்வளவுதான். யூனிட்ல அந்த சார்ஜென்டும் புத்தகம் பாத்துதான் பண்ணியிருப்பாரு, ஆனா கேட் போர்டுல (சர்வீஸ்ல நடத்துற தகுதித் தேர்வு) மனப்பாடமா சொன்னாதான் மார்க்குங்கற பழக்கம், இன்டர்வியூவையும் அதே மாதிரி நெனச்சுட்டாரு. நான் கொஞ்சம் மல்லுக்கட்டி டெக்னீஷியனா எடுக்க வெச்சேன், இப்ப நல்லா பண்றாரு.

இதுக்குப் பின்னாடி இருக்கற விஷயம்தான் எனக்கு முக்கியமாப் படுது. சர்வீஸ்ல எஃப்-700ல (விமானத்தோட பராமரிப்புப் பதிவேடு) நீங்க போடற கையெழுத்துக்கு மேல சூப்பர்வைசர் இருப்பாரு, அவருக்கு மேல ஆபீசர் இருப்பாரு, "சார்ட்டி போகணும்"னு மேல இருந்து ஆர்டர் வரும். சிவில்ல ரிலீஸ் சர்டிஃபிகேட்ல நீங்க கையெழுத்து போட்டா அது உங்க லைசென்ஸ், உங்க தலை. காலைல நாலரை மணிக்கு 180 பேரு போர்டிங் கேட்ல நிப்பாங்க, ஒரு வால்வு ஃபால்ட் காட்டும், எம்இஎல்-ல (எந்தக் கோளாறோட பறக்கலாம்னு சொல்ற பட்டியல்) தள்ளிப்போட அனுமதி இருக்கா இல்லையான்னு நீங்க பக்கத்தைப் புரட்டிட்டு இருக்கறப்ப ஆபரேஷன்ஸ்ல இருந்து ஃபோன் மேல ஃபோன் வரும். அங்க "முடியாது, விமானம் நிக்கட்டும்"னு சொல்ல வேண்டிய ஆளு நீங்கதான். பெரியவங்க சொன்னா செய்யணும்னு 20 வருஷம் பழகின வாய்க்கு இது லேசுல வராது. ஹியூமன் ஃபேக்டர்ஸ் பாடத்துல விபத்துக்குக் காரணமான பன்னண்டு குறைகள்னு ஒரு பட்டியல் வரும், கார்டன் டூபான்ட் 1993ல போட்டது, அதுல அடிச்சுப் பேசத் தயங்குறதும் ஒண்ணு. நம்மாளுங்க அந்தப் பாடத்தை மட்டும் ரெண்டு தடவை படிக்கலாம்.

ரேங்க்கை கேட்லயே இறக்கி வெச்சுடுங்க. 27 வயசுப் பையன் லைசென்ஸ் வெச்சிருப்பான், "பாஸ், அந்த பேனலைத் தொறங்க"ம்பான், ஜூனியர் வாரண்ட் ஆபீசரா இருந்துட்டு வந்தவருக்கு சுருக்குன்னு இருக்கும். லைசென்ஸ் கிடைக்கற வரைக்கும் அப்படித்தான்.

காசு விஷயம். கிராச்சுவிட்டி, கம்யூட்டேஷன், குரூப் இன்ஷூரன்ஸ், லீவ் என்கேஷ்மென்ட்னு மொத்தமா ஒரு தொகை வரும், அது வந்த வாசனை மனை விக்கறவனுக்கு எப்படித்தான் தெரியுமோ, வாசல்ல வந்து நிப்பான். முதல்ல எக்ஸாம், பயிற்சி, சம்பளம் கம்மியா வர்ற ஆரம்ப காலம், இதுக்கெல்லாம் தனியா எடுத்து வெச்சுட்டு மீதிக்கு அப்புறம் யோசிங்க. "ஏர்போர்ட்ல வேலை, ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டுங்க"ன்னு வர்ற ஃபோனை கட் பண்ணிடுங்க, காசு வாங்கிட்டு வேலை தர்ற ஏர்லைன் எதுவும் கிடையாது. டிஜிஆர் (பாதுகாப்பு அமைச்சகத்தோட மறுவாழ்வு இயக்குநரகம்) நடத்துற மறுவாழ்வு கோர்ஸ்ல ஜேசிஓ, ஓஆர் ஆளுங்களுக்கு (ஆபீசர் ரேங்க்குக்குக் கீழ இருக்கறவங்க) ஃபீஸ் கிடையாது, சர்வீஸ்ல இருக்கறப்பவே போகலாம், ஆனா சர்டிஃபிகேட் கிடைக்குதேன்னு ஏதோ ஒண்ணுல பேரைக் குடுக்காம உங்களுக்கு ஒத்து வர்றதா பாத்து எடுங்க.

ரிலீஸ் மெடிக்கல்ல காதைப் பத்தி வாயத் தொறந்து சொல்லுங்க. ஃப்ளைட் லைன்ல வருஷக்கணக்கா நின்னவங்களுக்கு காதுல ங்கொய்ன்னு ஒரு சத்தம் இருக்கும், சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு "எல்லாம் ஓகே சார்"னு சொல்லிட்டு வந்துடுவாங்க. ரெக்கார்டுல இல்லாத குறைக்கு அஞ்சு வருஷம் கழிச்சு டிசபிலிட்டி பென்ஷன் கேட்டா இழுத்தடிக்கத்தான் செய்வாங்க.

பைலட்டுங்க கதை தனி. 1,500 மணி நேரம் பறந்திருந்தா ஏடிபிஎல்-க்கு (ஏர்லைன் பைலட் லைசென்ஸ்) வழி இருக்கு, ட்ரான்ஸ்போர்ட் ஓட்டுனவங்களுக்கு மல்டி எஞ்சின் மணி நேரம் தாராளமா இருக்கும், ஃபைட்டர்காரங்களுக்குத்தான் கணக்கு இடிக்கும். ஆர்டிஆர் பரீட்சை (விமான ரேடியோல பேசறதுக்கான லைசென்சுக்கு) முன்னாடி தொலைத்தொடர்புத் துறைகிட்ட இருந்துச்சு, 2025 ஜனவரில புதுச் சட்டம் வந்ததுல அதுவும் டிஜிசிஏ கைக்கு வந்துடுச்சு, பழைய நோட்ஸை வெச்சு அலையாதீங்க.

கடைசியா அக்னிவீர் தம்பிங்க. 2022 கடைசில பயிற்சிக்குப் போன முதல் பேட்சுக்கு 2026 கடைசியோட நாலு வருஷம் முடியுது, நிரந்தரமா எடுக்கறது 25 சதவீதம் வரைக்கும்தான், மத்தவங்களுக்கு பென்ஷன் கிடையாது, சேவா நிதி வட்டியோட சுமார் 11.71 லட்சம் வரும். நாலு வருஷத்துல பயிற்சி போக விமானத்துல கை வெச்ச காலம் கம்மி, அதை மட்டும் வெச்சு பி1 கேக்க முடியாது. ஆனா உங்ககிட்ட வயசு இருக்கு. அந்தப் பணத்துல பைக் வாங்காம அங்கீகாரம் உள்ள ஏஎம்இ பயிற்சி நிறுவனத்துல சேரலாம், இல்ல எம்ஆர்ஓ-வுல டெக்னீஷியனா நுழைஞ்சு வேலை பாத்துக்கிட்டே மாட்யூல் எழுதலாம். எதுவா இருந்தாலும் யூனிட்ல இருந்து கிளம்பறதுக்கு முன்னாடி அந்த எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரை கேட்டு வாங்குங்க, கூட இருக்கற பசங்களுக்கும் சொல்லுங்க, ஒரே ஃபார்மெட்ல எல்லாரும் சேந்து கேட்டா அட்ஜுடன்ட்டுக்கும் கையெழுத்து போட சுலபம்.