பிளைட்: பயிர் நோயிலிருந்து நிலச் சட்டத்துக்கு வந்த சொல்

அமெரிக்காவில் நகர மையத்தில் ஒரு ரயில் நிலையமும் அதைச் சுற்றிப் பெரிய மறுசீரமைப்பும் வரப்போகிறது என்றால், அங்கே கடை வைத்திருப்பவர்களும் குடியிருப்பவர்களும் முதலில் பயப்படுவது 'பிளைட்' (blight) என்ற சொல்லுக்குத்தான். விமானத்தைச் சொல்லும் ஃபிளைட் வேறு, இது வேறு. ஒரு பகுதி பிளைட் நிலையில், அதாவது பழுதடைந்து சீர்கெட்ட நிலையில், இருப்பதாக அரசு அமைப்பு தீர்மானித்துவிட்டால், உரிமையாளர் விற்க மறுத்தாலும் இழப்பீடு கொடுத்து நிலத்தை எடுத்துக்கொள்ளப் பல மாநிலங்களில் சட்டம் வழிவிடுகிறது. கருத்துக்கேட்புக் கூட்டங்களில் இந்த ஒரு சொல்லை வைத்து அத்தனை வாக்குவாதம் நடப்பது அதனால்தான்.

இது முதலில் வயல்காட்டுச் சொல். 17ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் இருக்கிறது, அதன் வேர் எது என்பதில் அகராதிக்காரர்களுக்கே தெளிவில்லை. பயிர் வாடிக் கருகிப்போவதை அப்படிச் சொன்னார்கள். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை அழித்துப் பெரும் பஞ்சத்துக்கு இட்டுச்சென்ற நோயின் பெயரிலும் இதே சொல்தான். நம் வேளாண் துறையினர் கருகல் நோய் என்கிறார்கள். நெல்லுக்கு வரும் இலைக் கருகல், இலையுறைக் கருகல் எல்லாம் இந்த வகையே.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க நகரத் திட்ட வல்லுநர்கள் இதைத் தெருக்களுக்குப் பொருத்தினார்கள். இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. நோய் என்று சொல்லிவிட்டால் அது பரவும், பரவுவதை வெட்டி எறிந்தாக வேண்டும் என்ற முடிவும் கூடவே வந்துவிடுகிறது. வீட்டைப் பழுதுபார்க்காமல் வாடகை மட்டும் வாங்கியவர், கறுப்பின மக்கள் வாழும் பகுதி என்பதற்காகக் கடன் தர மறுத்த வங்கி, இவர்கள் யாரும் அந்தச் சொல்லுக்குள் தெரிவதில்லை.

1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெர்மன் எதிர் பார்க்கர் வழக்கில் இந்தச் சொல்லுக்குப் பெரிய பலம் கொடுத்தது. இடம், வாஷிங்டன் நகரின் தென்மேற்குப் பகுதி. அங்கே நிலைமை மோசம் என்பது உண்மைதான். 57.8 சதவீத வீடுகளுக்குக் கழிப்பறை வெளியே இருந்தது, 29.3 சதவீத வீடுகளில் மின்சாரமே இல்லை என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. அங்கு வாழ்ந்தவர்களில் ஏறக்குறைய 97.5 சதவீதம் பேர் கறுப்பினத்தவர் என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது. வழக்குப் போட்டது ஒரு கடையின் தரப்பு. எங்கள் கட்டடம் நன்றாகத்தானே இருக்கிறது, அதை ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒவ்வொரு கட்டடமாகப் பார்க்க வேண்டியதில்லை, பகுதியை மொத்தமாகப் பார்த்தால் போதும் என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். பின்னாளில் நடந்த பலவற்றுக்கும் இந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

நியூயார்க்கின் புரூக்ளினில் ரயில் யார்டையும் சுற்றியுள்ள மனைகளையும் சேர்த்து வந்த அட்லாண்டிக் யார்ட்ஸ் திட்டத்துக்கு 2006இல் ஒப்புதல் கிடைத்தது. அதற்கான ஆய்வில் களைச்செடி, சுவர்க் கிறுக்கல் எல்லாம் பிளைட்டின் அறிகுறிகளாகக் குறிக்கப்பட்டன. விதிப்படி கட்டக்கூடிய பரப்பில் 60 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ கட்டியிருந்த மனைகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தன. அதாவது, மாடி குறைவாகக் கட்டியதும் நோயாகிவிட்டது! 2009இல் மாநில உயர் நீதிமன்றம் திட்டத்தின் பக்கம் நின்றது. 2012இல் அங்கே விளையாட்டு அரங்கம் திறக்கப்பட்டது. குடியிருந்தவர்களின் கோபம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

அப்புறம், இதே சொல்லுக்குப் பிரிட்டனில் ஏறக்குறைய நேர் எதிரான பொருள் உண்டு. அங்கே பிளைட் என்பது திட்டம் அறிவிக்கப்பட்டதாலேயே ஓர் இடத்துக்கு வரும் கேடு. பாதை இந்த வழியாகப் போகிறது என்று வரைபடம் வெளியானதும் வீட்டை வாங்க ஆள் வருவதில்லை. இடிக்கப்போகிற கட்டடத்துக்கு யார் செலவு செய்வார்கள்? பழுதும் அப்படியே நிற்கும். 1990ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டச் சட்டப்படி, தகுதியுள்ள உரிமையாளர் 'பிளைட் நோட்டீஸ்' கொடுத்து, திட்டத்தின் பாதிப்பு இல்லாதிருந்தால் கிடைத்திருக்கும் விலைக்கே தன் சொத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். எச்எஸ்2 அதிவேக ரயில் திட்டத்தில் இது பெரிய விஷயமாயிற்று. லண்டன் யூஸ்டன் நிலையத்தைச் சுற்றிக் கட்டடங்களை இடித்து முடித்த பிறகு, 2023 மார்ச்சில் அங்கே பணிகளை நிறுத்திவைப்பதாக அரசு அறிவித்தது. அந்த ஆண்டு அக்டோபரில் பர்மிங்ஹாமுக்கு வடக்கே போகும் பாதையே கைவிடப்பட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சீரழிவு' என்றால் அங்கே வாழ்பவர்கள் மீதே பழி விழுகிறது. 'பாழ்' என்றால் ஆளே இல்லாத இடம் போலாகிவிடும். 'கருகல்' பயிருக்கே இருக்கட்டும். என் தேர்வு 'நலிவு'. நலிவடைந்த ஆலை, நலிந்த தொழில் என்று ஏற்கெனவே சொல்கிறோம், மீட்க முடியும் என்ற எண்ணமும் அதில் இருக்கிறது. நலிதல் என்பதற்கு மெலிதல், வருந்துதல் என்ற பொருளோடு, பிறரை வருத்துதல் என்ற பழைய பொருளும் உண்டு. ஆகவே அமெரிக்கப் பொருள், பிரிட்டன் பொருள் இரண்டையும் அது தாங்கும்.

பொதுவாகச் சொல்லும்போது 'நகர நலிவு' போதும். அமெரிக்கச் சட்டத் தீர்மானத்தைப் பற்றி எழுதும்போது 'நலிவுப் பகுதி' என்று நிறுத்திவிடாமல் 'நலிவுற்றதாக அறிவிக்கப்பட்ட பகுதி' என்று எழுத வேண்டும், அறிவித்தவர் ஒருவர் இருக்கிறார் என்பது அப்போதுதான் தெரியும். பிரிட்டனின் பிளைட் நோட்டீஸை 'நலிவு அறிவிக்கை' என்று பெயர்த்தால் அரசு அனுப்புவது போலிருக்கும். கொடுப்பவர் உரிமையாளர் என்பதால் 'நலிவுக் கோரிக்கை' என்பதே சரி.