டிரிஃப்ட்: மருந்துச் சாரல்

வயலுக்கு அடித்த பூச்சிமருந்து காற்றில் போய் அடுத்தவர் தோட்டத்திலோ கிணற்றிலோ வீட்டு முற்றத்திலோ விழுவதை 'ஸ்பிரே டிரிஃப்ட்' என்கிறார்கள். கைத்தெளிப்பானிலும் இது உண்டு. ஹெலிகாப்டர், விமானம், இப்போது டிரோன் என்று உயரம் கூடக்கூடத் தொல்லையும் கூடும்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தில் 'டிரிஃப்ட்', 'டிரைவ்' இரண்டுக்கும் ஒரே வேர்: ஓட்டுவது, விரட்டுவது. காற்று ஓட்டிவந்து குவித்த பனிக்கும் அதே பெயர்தான். தமிழிலோ துறைக்கு ஒன்று: கண்டம் நகர்ந்தால் பெயர்ச்சி, எலக்ட்ரான் நகர்ந்தால் இழுப்பு. மருந்துக்கு 'விலகல்' எனலாம், ஆனால் அதில் காற்றே இல்லை. 'சிதறல்' என்றால் நாலாபக்கமும் தெறிப்பது.

காற்றுக்குச் சாய்ந்து வரும் துளிக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. "சாரல் அடிக்குது, சன்னலைச் சாத்து" என்கிறோமே! மழை பெய்வது தெருவில், நனைவது திண்ணையில் காயும் துணி. சார்தல் என்றால் பக்கம் சேர்தல், மலைப்பக்கமும் சாரல்தான். மருந்தையும் 'அடிக்கிறோம்', சாரலும் 'அடிக்கிறது'. ஆகவே 'மருந்துச் சாரல்'. குற்றாலத்தை நினைவூட்டும் சொல்லை நஞ்சோடு சேர்ப்பது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் கேட்டவுடன் புரிகிறது.

இந்தச் சாரலுக்கு ஓர் எடுத்துக்காட்டு: கேரளத்தின் காசர்கோட்டில் 1970களின் கடைசியிலிருந்து 2000 வரை அரசு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். மேடும் பள்ளமுமான நிலம் அது. குன்றின் உச்சியில் நிற்கும் மரத்தை ஒட்டிப் பறந்தாலும் பள்ளத்து வீட்டுக்கு அது வெகு உயரம். ஓடைகளும், பக்கவாட்டில் மலையைக் குடைந்த 'சுரங்கம்' என்ற கிணறுகளும் அங்கே குடிநீர். 2011-ல்தான் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தை நாடு முழுக்கத் தடுத்தது.

எல்லாம் துளியின் பருமனில் இருக்கிறது. காற்று அசையாத இடத்தில் 100 மைக்ரான் துளி, அதாவது ஏறத்தாழ ஒரு தலைமயிர்ப் பருமன், 3 மீட்டர் இறங்க 10 நொடி போதும். 20 மைக்ரான் துளிக்கு 4 நிமிடம். அதற்குள் இளங்காற்றே அதை நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளிவிடும். அதனால்தான் பெருந்துளி விடும் நாசில் (தெளிப்பு முனை), தாழ்ந்த உயரம், ஊர்ப்பக்கம் காற்று திரும்பினால் நிறுத்துவது, ஓரத்தில் ஒரு பட்டையை அடிக்காமல் விடுவது எல்லாம்.

சரி, காற்றே அசையாத விடிகாலை நல்லதுதானே? அப்போதுதான் சிக்கல். தரை குளிர்ந்து மேலே வெப்பக்காற்று மூடிபோல நின்றால், நுண்துளி கலையாமல் தொங்கி, பிறகு மொத்தமாக நகரும். அதை 'மருந்து மூட்டம்' எனலாம். அடித்து முடித்தபின் இலையிலிருந்து ஆவியாகிப் போவது இன்னொரு வகை. அதற்குச் சாரல் பொருந்தாது, 'மருந்தாவி' போதும்.