சட்டக் கல்லூரி பட்டியலில் எத்தனையாவது இடம்? ஒரு வழக்கறிஞரின் பதில்

கடந்த ஜூன் மாதம் ஒரு மாலை. மறுநாள் வாய்தா உள்ள கட்டுகளைக் குமாஸ்தா எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். பழைய கட்சிக்காரர் ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண். அவர்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வெளிமாநிலத்தில் ஒரு சட்டப் பல்கலைக்கழகம். தேசியத் தரவரிசைப் பட்டியலில் இருபதுக்கும் முப்பதுக்கும் இடையே அதற்கு ஓர் இடம். ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கு மேல் கட்டணம், விடுதிச் செலவு தனி. மற்றொன்று, சில ஆயிரங்களில் முடிந்துவிடும் அரசு சட்டக் கல்லூரி.

“பட்டியலில் பெயர் உள்ள கல்லூரியில் படித்தால்தானே சார் நாளைக்கு மதிப்பு? வீட்டை அடமானம் வைத்தாவது படிக்க வைத்துவிடுகிறேன்” என்றார்.

ஆண்டுதோறும் இதே கேள்வியோடு நாலைந்து பெற்றோர் வருகிறார்கள். எல்லோருக்கும் நான் சொல்வதையே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். வீட்டை அடமானம் வைக்கும் முன் யாராவது ஒருவர் படித்தால் போதும்.

முதலில் அந்தப் பட்டியலைப் பார்ப்போம். என்ஐஆர்எஃப் என்ற தேசியத் தரவரிசை முறையை மத்திய அரசு 2015-இல் அறிவித்தது. முதல் பட்டியல் 2016-இல் வந்தது. சட்டப் படிப்புக்குத் தனிப் பட்டியல் 2018-இல் சேர்ந்தது. அன்றுமுதல் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளிதான் அதில் முதலிடத்தில் இருக்கிறது. நூறு மதிப்பெண்ணில் கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும் 30, ஆராய்ச்சிக்கும் தொழில்சார் பணிகளுக்கும் 30, மாணவர்கள் படித்து முடித்து எங்கே போகிறார்கள் என்பதற்கு 20, பல தரப்பினருக்கும் இடம் தருவதற்கு 10, கல்லூரியைப் பற்றி வெளியே உள்ள மதிப்புக்கு 10 என்று பிரித்திருக்கிறார்கள். பெரும்பாலான விவரங்களைக் கல்லூரிகளே தருகின்றன. விண்ணப்பிக்காத கல்லூரி பட்டியலில் வராது. ஆகவே, பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே ஒரு கல்லூரியை மட்டம் என்று சொல்லிவிட முடியாது.

ஆராய்ச்சிக்கு உரிய மதிப்பெண்ணில் பெரும்பகுதி ஆசிரியர்கள் ஆய்விதழ்களில் எழுதும் கட்டுரைகளையும் அவற்றைப் பிறர் மேற்கோள் காட்டுவதையும் வைத்தே வருகிறது. நல்ல ஆராய்ச்சி நடக்கும் இடத்தில் நல்ல நூலகம் இருக்கும், நல்ல விவாதம் நடக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால், குற்றவியல் நடைமுறையை உயிரோட்டமாகப் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒரு கட்டுரைகூட எழுதாதவராக இருக்கலாம். அவர் வகுப்பின் அருமை இந்தக் கணக்கில் ஏறாது. படித்து முடித்தவர்களின் சம்பளமும் கணக்கில் வருகிறது. நீதிமன்றம் போக விரும்பி ஒரு சீனியரிடம் சேரும் பிள்ளை அந்த இடத்தில் கல்லூரிக்கு உதவப்போவதில்லை. நல்ல வழக்கறிஞர்களை உருவாக்கும் வேலை பட்டியலில் கொஞ்சம்தான் தெரியும்.

அப்படியானால் தரவரிசைக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. எங்கே என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மும்பை, டெல்லி, பெங்களூருவில் உள்ள பெரிய சட்ட நிறுவனங்களுக்கு, அதாவது கம்பெனிகளை வாங்குவது, இணைப்பது, பங்கு வெளியிடுவது போன்ற வேலைகளைச் செய்யும் அலுவலகங்களுக்கு, உங்கள் பிள்ளை போக விரும்பினால் கல்லூரிப் பெயர் நிச்சயம் வேலை செய்யும். அவர்கள் ஒரு சில தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு நேரே வந்து ஆள் எடுக்கிறார்கள். ஏற்கெனவே அங்கே வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்களே அடுத்த ஆண்டு தேர்வுக்கு வருகிறார்கள். வெளிநாட்டில் மேற்படிப்புக்கும் கல்லூரிப் பெயர் கைகொடுக்கும். ஆனால் இதெல்லாம் உச்சியில் உள்ள சில கல்லூரிகளோடு சரி. பெற்றோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். முதல் ஐந்து இடத்துக்குக் கிடைக்கும் கதவு இருபத்தைந்தாம் இடத்துக்கும் அதே அகலத்தில் திறக்கும் என்று நினைத்துக் கடன் வாங்குகிறார்கள். அந்த நிறுவனங்கள் நீங்கள் சேர்க்கப்போகும் கல்லூரிக்கு வருகின்றனவா, சென்ற ஆண்டு எத்தனை பேரை எடுத்தன என்று அங்கே இறுதியாண்டு படிக்கும் இரண்டு மாணவர்களிடம் கேளுங்கள். விளம்பரத் தாளைவிட அவர்கள் பேச்சில் உண்மை இருக்கும்.

இனி நீதிமன்றம். இங்கே நிலைமை முற்றிலும் வேறு. பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதிவு செய்யும்போது தரவரிசையை யாரும் கேட்பதில்லை. வழக்கறிஞர் சட்டம் 1961-இன்படி பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். அதற்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெங்களூருவில் படித்தவரும் திருநெல்வேலியில் படித்தவரும் ஒரே கட்டணம் கட்டி, ஒரே அகில இந்தியத் தேர்வை எழுதி, ஒரே அங்கியைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். வக்காலத்தில் கையெழுத்துப் போடும் எந்தக் கட்சிக்காரரும், நீங்கள் எந்தக் கல்லூரி என்று இத்தனை ஆண்டுகளில் என்னிடம் கேட்டதில்லை. “என் வழக்கு என்ன ஆகும்?” என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், பட்டியலில் முதல் பத்துக்குள் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் படித்த இளைஞர் என்னிடம் ஜூனியராகச் சேர்ந்தார். கூர்மையான பிள்ளை. காலவரையறைச் சட்டத்தில் ஒரு சிக்கலைச் சொன்னால் இரண்டு மணி நேரத்தில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை வரிசைப்படுத்திக் கொண்டுவந்து வைப்பார். அவரிடம் ஒரு நாள் 1954-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் ஒன்றைக் கொடுத்து, அதைப் பார்த்துப் பிராதின், அதாவது வழக்கு தொடுக்கும் மனுவின், சொத்து விவரத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். முதலில் ‘௸’ என்ற குறியில் நின்றுவிட்டார். அது ‘மேற்படி’ என்பதன் சுருக்கம். பழைய பத்திரங்களில் வரிக்கு வரி வரும். அதைச் சொல்லிக்கொடுத்தேன். பிறகு சக்குபந்தி, அதாவது நான்கெல்லை. பத்திரத்தில் ‘கிழமேல் பாதைக்கு வடக்கு’ என்று இருந்தது. அவர் வடக்கு எல்லை பாதை என்று எழுதிவிட்டார். பாதைக்கு வடக்கே நம் நிலம் இருக்கிறது என்றால், நம் நிலத்துக்குத் தெற்கே பாதை இருக்கிறது என்று பொருள். நான்கு எல்லைகளையும் அப்படியே திருப்பிப் போட்டிருந்தார்.

அந்தத் தாள் அப்படியே நீதிமன்றத்துக்குப் போயிருந்தால், நீதிமன்றம் அனுப்பும் ஆணையர் நிலத்தைப் பார்க்க வரும் நாளில் பிராது சொல்லும் இடத்தில் சொத்தே இருந்திருக்காது. அதே அறையில் அரசு கல்லூரியில் படித்த இன்னொரு ஜூனியர் பெண் இருந்தார். பத்திர எழுத்தரின் மகள். தாளை வாங்கி ஒரு நிமிடத்தில் திருத்திக் கொடுத்தார். அவருக்கோ ஆங்கிலத்தில் ஒரு மனுவைத் தானாக எழுத வராது; தமிழில் நினைத்து ஒவ்வொரு சொல்லாக மாற்றி எழுதுவார். அன்றுமுதல் இருவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியர் ஆனார்கள். அந்த இளைஞர் பத்திரம் படிக்க ஆறு மாதத்தில் பழகிவிட்டார். இந்தப் பெண் தினமும் காலையில் ஒரு தீர்ப்பை உரக்கப் படித்துப் பழகினார்; இரண்டு ஆண்டு பிடித்தது. இன்று அந்த இளைஞர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நன்றாக வாதாடுகிறார். அந்தப் பெண் விபத்து இழப்பீட்டு வழக்குகளில் தனியாக நிற்கிறார். யாருக்கு எது குறைந்ததோ, அது ஒரு சீனியரின் மேசையில்தான் நிரம்பியது.

அரசு கல்லூரிகளில் படித்து உயரம் தொட்டவர்களை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். பவானி அருகே கடப்பநல்லூரிலிருந்து வந்து, சென்னை அரசு சட்டக் கல்லூரியில் படித்து, 2013-இல் இந்தியாவின் தலைமை நீதிபதியான சதாசிவம். கோவை சட்டக் கல்லூரியில் படித்து, 2023-இல் வழக்கறிஞராக இருந்தபடியே நேரடியாக உச்ச நீதிமன்ற நீதிபதியான கே.வி. விஸ்வநாதன். பெருமைதான். ஆனாலும் இவர்களைக் காட்டி, எங்கே படித்தாலும் ஒன்றுதான் என்று நான் சொல்ல மாட்டேன். சதாசிவம் 1973-இல் வழக்கறிஞராகப் பதிவு செய்தபோது நாட்டில் தேசிய சட்டப் பள்ளி என்ற ஒன்றே கிடையாது. விஸ்வநாதன் பதிவு செய்த 1988-இல்தான் பெங்களூருவில் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். அன்றைய திறமைசாலிகளுக்கு வேறு வழி இல்லை. இன்று இருக்கிறது, அதனால் கேள்வியும் கடினமாகிவிட்டது.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது தரவரிசை அல்ல. பட்டம் வாங்கிய மறுநாள் தொடங்கும் மூன்று ஆண்டுகள். சட்டப் படிப்பு ஐந்து ஆண்டு என்று பெற்றோர் கணக்குப் போடுகிறார்கள். நீதிமன்றம் போக விரும்பும் பிள்ளைக்கு அது எட்டு ஆண்டு. முதல் மூன்று ஆண்டுகளில் ஒரு ஜூனியர் தன் வருமானத்தில் தனியாக வாழ முடிவது அபூர்வம். என் முதல் ஆண்டில் எனக்குக் கிடைத்தது பஸ் கட்டணத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாக இருந்தது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இதில் தலையிட்டது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று வழக்கறிஞர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் அதை நம்பி வீட்டு வாடகைக்கு முன்பணம் கொடுக்க இன்னும் முடியாது. என் கண்ணுக்கு எட்டிய வரை பல இடங்களில் பாதிகூடக் கிடைப்பதில்லை.

இதோடு கல்விக் கடனைச் சேர்த்துப் பாருங்கள். பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடும். அதாவது பிள்ளை வேலை பழகிக்கொண்டிருக்கும் நடுவில், கையில் ஒன்றும் நிற்காத காலத்தில். இப்படித் தவணை தொடங்கியதும் அங்கியை மடித்து வைத்துவிட்டு, ஏதோ ஒரு கம்பெனியில் ஒப்பந்தம் சரிபார்க்கும் வேலைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். அந்த வேலை தாழ்ந்தது என்று சொல்லவில்லை. குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்று கனவோடு வந்த பிள்ளை, பெரிய பெயருக்காக வாங்கிய கடனாலேயே நீதிமன்றத்தை விட்டுப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

நீதிபதியாக விரும்பும் பிள்ளைகளுக்கும் இந்த மூன்று ஆண்டு இப்போது தப்பாது. உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுத மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் அந்தத் தேர்வை டிஎன்பிஎஸ்சி நடத்துகிறது. அதில் மொழிபெயர்ப்புக்கு ஒரு தாள் உண்டு. சாட்சி வாக்குமூலத்தையும் ஆவணங்களையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மாற்ற வேண்டும். பள்ளியிலேயே தமிழைக் கைவிட்ட பிள்ளைகள் இங்கே தடுமாறுகிறார்கள்.

கல்லூரியைப் பொறுத்தவரை, எத்தனையாவது இடம் என்று பார்ப்பதற்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தியப் பார் கவுன்சிலின் ஒப்புதல் இந்த ஆண்டுக்கு நடப்பில் இருக்கிறதா? வகுப்புக்கே வர வேண்டாம், தேர்வுக்கு வந்தால் போதும் என்று ஆசை காட்டும் இடங்கள் இன்றும் இருக்கின்றன. லெட்டர்பேட் கல்லூரிகள் என்று நாங்கள் சொல்வோம். அந்தப் பட்டத்தோடு பதிவுக்குப் போய்த் திரும்பி வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அஞ்சல் வழியில் படித்த சட்டப் பட்டத்தை வைத்தும் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது.

இன்டர்ன்ஷிப்பையும் கவனியுங்கள். ஐந்து ஆண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரம் கட்டாயம். அத்தனையையும் பெரிய நகரத்து அலுவலகங்களில் கழிக்காமல், ஒரு நான்கு வாரமாவது சொந்த ஊர் முன்சீப் கோர்ட்டில் இருக்கட்டும். சம்மன் அனுப்புவதற்கான கட்டணமான பேட்டாவை எங்கே கட்டுகிறார்கள், தாக்கல் செய்த பிராது ஏன் திரும்பி வருகிறது, சாட்சி கூண்டில் ஏறியதும் குரல் எப்படி மாறுகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

அன்று வந்த கட்சிக்காரரிடம் ஒரு தாளை எடுத்து இரண்டு கணக்குகளை எழுதிக் கொடுத்தேன். ஒன்றில் ஐந்து ஆண்டுக் கட்டணம். மற்றொன்றில் பட்டத்துக்குப் பின் 36 மாதம், மாதம் 15,000 ரூபாய், மொத்தம் 5,40,000. “இந்த இரண்டாவது கணக்கும் உங்களால் முடியும் என்றால் எங்கே வேண்டுமானாலும் சேருங்கள். ஒன்றுதான் முடியும் என்றால், பிள்ளை என்ன வேலைக்குப் போக விரும்புகிறது என்று முதலில் அதனிடம் கேளுங்கள்” என்றேன். அவர் தாளை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். அதுவரை ஒரு வார்த்தையும் பேசாதிருந்த பெண், மறுநாள் கோர்ட்டுக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று என்னிடம் கேட்டாள். பத்தரை மணிக்குள் வந்துவிடச் சொன்னேன்.