வானம் தோண்டும் முன் மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள்

தங்கச்சிமடத்தில் புது வீட்டுக்குக் குடிவந்த ஓர் அம்மா என்னை அழைத்துக் கூடத்துத் தரையைக் காட்டினார். சுவரோரத்தில் அரைக் கல்லாகத் தொடங்கிய டைல்ஸ் வரிசை, மறுமுனையில் இரண்டு விரல் அகலத்துக்குத் தேய்ந்திருந்தது. "ஒட்டியவர் கோணலாக ஒட்டிவிட்டார், தம்பி" என்றார். அளந்து பார்த்தேன். ஒட்டியவர் மீது பிழையில்லை. வீட்டின் மூலையே செங்கோணமாக இல்லை. வானம், அதாவது அடித்தளப் பள்ளம், தோண்டிய அன்று நேர்ந்த கோணல் அது. சுவர் எழுந்தபின் அதைத் திருத்த வழியில்லை.

செங்கோணம் பார்க்கும் கொத்தனாரின் மூலைமட்டம் சிறிய கருவி. அதை வைத்து 30 அடி நீளத்துக்கு நூல் பிடிப்பது போதாது. 3, 4, 5 கணக்கு நம் கொத்தனார்கள் பலருக்கும் தெரியும்: ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி, குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி. ஆனால் அடிக்கணக்கில் இவ்வளவு சிறிதாக அளந்தால், குறுக்களவில், அதாவது மூலைவிட்டத்தில், அரை அங்குலம் தவறினாலும் 30 அடி தள்ளி ஆறு அங்குலம் விலகிவிடும். அதையே 9, 12, 15 அடியாக அளந்தால் விலகல் இரண்டு அங்குலம்தான். நம் கரையில் மணலில் முளை அசையும். கச்சான் காற்றில் நூல் வில்லாக வளையும். ஆகவே முளையை ஆழமாக அடித்து, காற்று எழும் முன் காலையிலேயே அளந்துவிடுங்கள்.

கூரைக்கும் இதே கணக்குதான்: இரண்டு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் குறுக்களவு. நடுவிலிருந்து சுவர் வரை 10 அடி, உயரம் 4 அடி என்றால் சரிவு 10 அடி 9 அங்குலம். 10 அடித் தகரம் வாங்கினால் எட்டாது. ஏணி 12 அடி உயரத்தில் சாய வேண்டுமானால் அடிப்பகுதி சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்கட்டும். மணலில் கால் புதையாமல் அடியில் பலகை போடுங்கள்.

மண்டபத்தில் 30க்கு 20 அடி வீட்டுக்கு நூல் பிடித்தபோது, வீட்டுக்காரரின் மகன் கைபேசியில் ஒரு வாய்ப்பாட்டைக் காட்டினார். போதாயனர் பெயரில் இணையத்தில் சுற்றுவது: நீளத்தில் எட்டில் ஏழு பங்கு, அதோடு அகலத்தில் பாதி சேர்த்தால் குறுக்களவு. வர்க்கமூலமே வேண்டாம். 3, 4க்கும் 5, 12க்கும் அது துல்லியமாக வரும். அதனால்தான் பலரும் நம்புகிறார்கள். 10க்கு 10 அறைக்கோ 13 அடி 9 அங்குலம் என்று சொல்லும். உண்மையில் 14 அடி 1¾ அங்குலம்.

அன்று குறுக்களவு 36 அடி 3 அங்குலம் வந்தது. வாய்ப்பாடும் அதையே காட்டியது. "சரியாக இருக்கிறதே, சார்" என்றார் அந்தப் பையன். மற்றக் குறுக்கையும் அளக்கச் சொன்னேன்; மூலைகள் சரியென்றால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். 35 அடி 10 அங்குலம்! எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தன. ஆகவே கோணல் மூலையில்தான். பக்க அளவு மாறாமல் இரண்டு முளைகளைப் பிடுங்கி, ஏறத்தாழ மூன்று அங்குலம் நகர்த்தி அடித்தோம். இரண்டு குறுக்கும் 36 அடிக்கு மேல் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக நின்றன. அதன்பிறகுதான் மண்வெட்டி இறங்கியது.