பாம்புக்கடி: அம்புலன்ஸ் வரும்வரை ஊரார் செய்யவேண்டியது

பாம்புக்கடிக்கு மருந்து வைத்தியசாலையில்தான் இருக்கிறது. கடிபட்டவரை நடக்கவிடாமல், மூச்சு நிற்கவிடாமல் அங்கே சேர்ப்பதுதான் ஊர்த் தொண்டர்களின் வேலை.

முதலில் 1990 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையிலிருந்து இலங்கையின் வடக்கிலும் இருக்கிறது. ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல், எந்தக் கோயில், எந்தச் சனசமூக நிலையம், அதிலிருந்து எத்தனையாவது ஒழுங்கை என்று சொல்லுங்கள். இரவில் எங்கள் ஒழுங்கைகள் எல்லாம் ஒரே மாதிரித்தான். ஒருவர் ரோச் லைட்டோடு வீதி முனையில் நிற்கட்டும்.

மோதிரம், காப்பு, கொலுசு, கையில் கட்டிய நூல் எல்லாவற்றையும் வீங்குமுன் கழற்றுங்கள். கடிபட்ட கால் அசையாமலிருக்க மட்டை வைத்துக் கட்டவேண்டும். பனைமட்டை எந்த வளவிலும் கிடக்கும். ஆனால் இரு ஓரக் கருக்கையும் சீவி, பழைய சாரத்தால் சுற்றிய பிறகே காலில் வையுங்கள். முத்திரைப்புடையன் (கண்ணாடி விரியன்) கடித்தால் இரத்தம் உறையாமல் போகலாம். கருக்குக் கிழித்த சின்னக் கீறலும் நிற்காமல் கசியும். வெட்டுவதும் உறிஞ்சுவதும் கூடாதென்பதற்கும் இதுவே போதும். கட்டுக்குள் ஒரு விரல் நுழையவேண்டும்.

கடிக்கு மேலே கயிறு இறுக்கினால் கால் இரத்தமின்றிச் சாகும். யாராவது முன்பே இறுக்கியிருந்தால் வீட்டில் சட்டென்று அவிழ்க்கவேண்டாம், தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறும். வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஏமாற்றுவது எண்ணெய் விரியன் (கட்டுவிரியன்). பாயில் படுத்தவரை இரவில் கடிக்கும். நோவும் இராது, தடமும் தெரியாது. விடியப்புறம் வயிற்றுக்குத்து, சத்தி. பிறகு இமை சரியும். அதை நித்திரைக் குணம் என்று விட்டுவிடுகிறார்கள். இமை சரிந்தால் அடுத்தது விழுங்கமுடியாமை, பிறகு மூச்சு. தேத்தண்ணி கொடுக்காமல் இடப்பக்கம் சரித்துப் படுக்கவையுங்கள், வீணீர் வெளியே வழியட்டும். மூச்சு நின்று நாடி இருந்தால், நெஞ்சு உயரும்வரை ஒரு வினாடி ஊதி, 6 வினாடிக்கு ஒருமுறை தொடருங்கள். நாடி இல்லையென்றால் உடனே நெஞ்சழுத்தம். கண் திறக்காவிட்டாலும் அவருக்குக் காது கேட்கலாம். தலைமாட்டில் நின்று "முடிஞ்சுது" என்று பேசாதீர்கள்.

பாம்பை அடித்துக் கொண்டுவரவேண்டாம். செத்த தலையும் கடிக்கும். இங்கு ஏற்றும் இந்திய விஷமுறி மருந்து நாகம், எண்ணெய் விரியன், முத்திரைப்புடையன், சுருட்டை நான்குக்கும் சேர்த்தது. இரத்தம் உறைகிறதா என்று கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள். வைத்தியருக்கு வேண்டியது நேரம்: எப்போது கடித்தது, எப்போது இமை சரிந்தது. தாள் இல்லையென்றால் கடிபடாத கையில் பேனையால் எழுதிவிடுங்கள்.