டோட்டல் லாஸ் ஆன வண்டியோட ஆர்சி என்ன ஆகுது? கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இதை படிங்க

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ பள்ளிக்கரணை பக்கம் காரெல்லாம் வரிசையா தண்ணியில அடிச்சிட்டு போன வீடியோவ எல்லாருமே பாத்திருப்பீங்க, அதே மாசத்துலயே தூத்துக்குடி திருநெல்வேலி பக்கமும் வெள்ளம். இந்த மாதிரி தண்ணிக்குள்ள போன வண்டி, ஹைவேஸ்ல லாரி பின்னாடி போய் சொருகுன வண்டி இதெல்லாம் இன்சூரன்ஸ்ல டோட்டல் லாஸ்னு செட்டில் ஆயிடும். ஓனர் அக்கவுண்ட்ல காசு விழுந்துரும். ஆனா அந்த வண்டி யார்கிட்ட போச்சு, முக்கியமா அதோட ஆர்சி புக் யார் கையில இருக்குன்னு கேட்டா பாதி பேருக்கு பதில் தெரியாது. காசு வந்துருச்சுல்ல, அப்புறம் என்னன்னு விட்டுடுறாங்க. அங்கதான் பிரச்சனையே ஆரம்பிக்குது.

முதல்ல டோட்டல் லாஸ்னா என்னன்னு பாத்துடலாம். பாலிசியில ஐடிவின்னு ஒரு தொகை போட்டிருப்பாங்க, அதாவது அந்த வருஷத்துக்கு உங்க வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி ஒத்துக்கிட்ட மதிப்பு. ஷோரூம் விலையில வயசுக்கு ஏத்த மாதிரி கழிப்பாங்க, ஒரு வருஷம் தாண்டி ரெண்டு வருஷத்துக்குள்ளன்னா 20 சதவீதம், நாலு தாண்டி அஞ்சுக்குள்ளன்னா 50 சதவீதம், அஞ்சு வருஷம் தாண்டிட்டா நீங்களும் கம்பெனியும் பேசி வைக்கிறதுதான். ரிப்பேர் செலவும் வண்டியை தூக்கிட்டு வர்ற செலவும் சேத்து இந்த ஐடிவில 75 சதவீதத்தை தாண்டிருச்சுன்னா அதை டோட்டல் லாஸ் கணக்குல எடுத்துக்குவாங்க, பாலிசி பேப்பர்லயே கன்ஸ்ட்ரக்டிவ் டோட்டல் லாஸ்னு இருக்கும். இதுல ஒரு விஷயத்தை கவனிங்க. வண்டி ஓடவே ஓடாதுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, ரிப்பேர் பண்றது கம்பெனிக்கு கட்டுப்படியாகாதுன்னு மட்டும்தான் அர்த்தம்.

இப்ப சட்டம் என்ன சொல்லுதுன்னா, மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 55. வண்டி அழிஞ்சு போயிட்டாலோ நிரந்தரமா உபயோகப்படுத்த முடியாத நிலைமைக்கு போயிட்டாலோ ஓனர் 14 நாளைக்குள்ள, முடியலன்னா முடிஞ்ச சீக்கிரம், ஆர்டிஓ ஆபீஸ்ல தெரிவிச்சு ஆர்சியை ஒப்படைக்கணும், அவங்க பதிவை ரத்து பண்ணுவாங்க. கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா மேல சொன்ன மாதிரி இன்சூரன்ஸோட டோட்டல் லாஸ் வேற, சட்டம் சொல்ற நிரந்தரமா உபயோகமில்லாத வண்டி வேற. டிங்கரிங் பண்ணி எஞ்சின் மாத்துனா ஓடும்னு யாராவது சொல்லிட்டா அந்த ஆர்சி உயிரோடயே இருக்கும். இந்த ஓட்டை வழியாதான் எல்லாம் நடக்குது.

அமெரிக்காவுல இதுக்கு வேற ஏற்பாடு வச்சிருக்காங்க. அங்க வண்டிக்கு டைட்டில்னு ஒரு உரிமைப் பத்திரம் மாநில அரசு குடுக்கும், டோட்டல் லாஸ் ஆச்சுன்னா பெரும்பாலான மாநிலங்கள்ல அதுல சால்வேஜ்னு முத்திரை விழுந்துரும், ரிப்பேர் பண்ணி இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் பண்ணாலும் ரீபில்ட்னு தான் பேப்பர் வரும், அடுத்து வாங்குறவனுக்கு வண்டியோட பழைய கதை பேப்பர்லயே தெரியும். நம்ம ஊர் ஆர்சியில அப்படி ஒரு கட்டமே கிடையாது. டோட்டல் லாஸ் ஆன வண்டின்னு காட்ட தனியா எந்தக் குறிப்பும் இல்ல. அதனால டோட்டல் லாஸ் ஆன வண்டியோட ஆர்சியை கேன்சல் பண்ணலன்னா அது நேத்து ஷோரூம்ல இருந்து வந்த வண்டியோட ஆர்சி எவ்ளோ சுத்தமா இருக்குமோ அவ்ளோ சுத்தமா இருக்கும்.

இப்ப செட்டில்மென்ட் எப்படி பேசுவாங்கன்னு பாப்போம், இதுதான் ரொம்ப முக்கியம். சேதத்தை மதிப்பிடுற சர்வேயர் வந்து பாத்துட்டு, கம்பெனி சார்புல வண்டியை அப்படியே உள்ள நிலைமையில ஏலத்துக்கு போடுவாங்க. ஏலத்துல ரெண்டு விதமா ரேட் வரும், ஆர்சியோட ஒரு ரேட், ஆர்சி இல்லாம ஒரு ரேட்.

ஒரு கணக்கு போட்டு பாருங்க, நம்பர் சும்மா உதாரணத்துக்கு. ஐடிவி 6 லட்சம். ரிப்பேர் எஸ்டிமேட் 4 லட்சத்து 80 ஆயிரம், அதாவது 75 சதவீதமான நாலரை லட்சத்தை தாண்டிருச்சு. ஏலத்துல ஆர்சியோட குடுத்தா 1 லட்சத்து 60 ஆயிரம், ஆர்சி கேன்சல் பண்ணி குடுத்தா 90 ஆயிரம்னு வருது. கம்பெனி ஆள் போன் பண்ணி, சார் நாங்க 4 லட்சத்து 40 ஆயிரம் போடுறோம், மீதி 1 லட்சத்து 60 ஆயிரம் வண்டி வாங்குறவர் நேரா உங்களுக்கு குடுத்துருவாரு, நீங்க ஆர்சி, சாவி, பேர் மாத்துறதுக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30 எல்லாம் கையெழுத்து போட்டு குடுத்துருங்கம்பாங்க. கேன்சல் பண்ணி குடுத்தா கம்பெனி 5 லட்சத்து 10 ஆயிரம் போடணும், வாங்குறவர் 90 ஆயிரம் குடுப்பாரு. ரெண்டு வழியிலயும் உங்களுக்கு வர்றது அதே 6 லட்சம் தான், கட்டாயக் கழிவுன்னு ஆயிரமோ ரெண்டாயிரமோ போகும், அவ்ளோதான். வித்தியாசப்படுற 70 ஆயிரம் கம்பெனிக்கு மிச்சம், உங்களுக்கு ஒத்த ரூபா கூட இல்ல. ஆனா அந்த ஆர்சியால நாளைக்கு எது நடந்தாலும் அது உங்க பேர்ல.

நசுங்கின அதே இரும்புக்கு ஆர்சி இருந்தா மட்டும் எதுக்கு 70 ஆயிரம் கூட குடுக்குறாங்கன்னு யோசிங்க. நியாயமான காரணமும் இருக்கலாம், ரிப்பேர் பண்ணி ரோட்டுல விட ஆர்சி வேணும், அப்படி தொழில் பண்றவங்களும் இருக்காங்க, முறையா பேர் மாத்திட்டு ஓட்டுனா அதுல சட்டப்படி தப்பு இல்ல. ஆனா இன்னொரு கூட்டம் இருக்கு. எங்கயோ திருடுன அதே மாடல் அதே கலர் வண்டியில இந்த டோட்டல் லாஸ் வண்டியோட சேசிஸ் நம்பர் இருக்குற இரும்புத் துண்டை வெட்டி வெல்டிங் பண்ணி, எஞ்சின் நம்பரையும் அதே மாதிரி அடிச்சு, இந்த ஒரிஜினல் ஆர்சியை வச்சு வித்துருவாங்க. பேப்பர் எல்லாம் நூத்துக்கு நூறு ஒரிஜினல், வண்டி மட்டும் திருட்டு வண்டி. 2020-ல லக்னோ போலீஸ் பிடிச்ச பெரிய கார் திருட்டு கும்பல் இதே வழியிலதான் பண்ணாங்க. சேசிஸ் நம்பரை தேடிட்டு போலீஸ் வந்தா ஆர்சியில இருக்குற பேர் வீட்டு கதவைத்தான் தட்டும்.

திருட்டு வேணாம், சாதாரண விபத்தையே எடுத்துக்குங்க. 2018 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு. 2007-ல வண்டியை வித்துட்டாரு ஒருத்தர், பேர் மாத்தல, அது கை மாறி கை மாறி போய் 2009-ல விபத்து ஆச்சு. நஷ்டஈடு யார் குடுக்கணும்னா ஆர்சியில எவர் பேர் இருக்கோ அவர்தான்னு சொல்லிட்டாங்க, எத்தனை கை மாறியிருந்தாலும் சரி. டோட்டல் லாஸ் வண்டியை வெத்து ஃபார்ம்ல கையெழுத்து போட்டு குடுக்குறவங்களுக்கு இது அப்படியே பொருந்தும், ஏன்னா ஏலத்துல எடுக்குறவர் பெரும்பாலும் தன் பேர்ல மாத்தவே மாட்டாரு, ரெடி பண்ணி வித்து மூணாவது ஆள் பேர்ல போடுறவரைக்கும் உங்க பேர்லயேதான் வண்டி சுத்தும், அதுவரைக்கும் இ-சலான் வந்தாலும் உங்க மொபைலுக்கு தான் வரும். ஆள் போயிட்டா டெத் சர்டிஃபிகேட் வாங்காம விடமாட்டோம்ல, வண்டிக்கு ஆர்சி கேன்சல் ஆர்டர் அந்த மாதிரி.

சரி எப்படி கேன்சல் பண்றது. முதல்ல கம்பெனிக்கு போன்ல சொல்லாதீங்க, மெயில் போடுங்க, எனக்கு ஆர்சி கேன்சல் பண்ற அடிப்படையில செட்டில்மென்ட் வேணும்னு தெளிவா எழுதுங்க. சர்வேயருக்கும் அதே மெயில்ல காப்பி போடுங்க. லோன் இருந்தா பேங்க்ல பாக்கியை தெரிஞ்சு வச்சுக்குங்க, ஏன்னா இன்சூரன்ஸ் காசு முதல்ல பேங்குக்கு போகும், மீதிதான் உங்களுக்கு, லோன் பாக்கி ஐடிவியை விட அதிகமா இருந்தா வித்தியாசத்தை நீங்கதான் கட்டணும். பேங்க்ல இருந்து ஆட்சேபணை இல்லன்னு என்ஓசியும் ஃபார்ம் 35-ம் வாங்கி, ஆர்சியில இருக்குற ஹைப்போதிகேஷனை, அதாவது பேங்க் அடமானக் குறிப்பை, எடுத்தாதான் ஆர்டிஓ ஆபீஸ்ல வேலை மேல நகரும்.

அப்புறம் வண்டி பதிவான ஆர்டிஓ ஆபீஸ்ல, மத்திய அரசோட பரிவாகன் சைட் மூலமா, கேன்சலுக்கு விண்ணப்பம். ஒரிஜினல் ஆர்சி, டோட்டல் லாஸ்னு கம்பெனி குடுத்த லெட்டர், பேங்க் என்ஓசி, டாக்ஸ் பாக்கி சலான் பாக்கி எதுவும் இல்லன்னு ஆதாரம், ஐடி ப்ரூஃப் எல்லாம் ரெடியா வச்சுக்குங்க. பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை நேர்ல பாக்கணும்னு சொல்லலாம், சேசிஸ் நம்பர் இருக்குற துண்டை வெட்டி ஒப்படைக்க சொல்ற ஆபீஸும் இருக்கு. அப்படி கேட்டா சந்தோஷமா பண்ணுங்க, அந்தத் துண்டு தான் திருட்டு வண்டியில ஒட்டுற துண்டு. வேற ஊருக்கு குடி போயிட்டீங்கன்னா இருக்குற ஊர் ஆர்டிஓ-கிட்டயே குடுக்கலாம், அவங்க பதிவு பண்ண ஆபீஸுக்கு அனுப்பணும்னு பிரிவு 55-லயே இருக்கு. முடிஞ்சதும் எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பரை போட்டு பாருங்க, ஆர்சி ஸ்டேட்டஸ் இன்னும் ஆக்டிவ்னு காட்டுச்சுன்னா வேலை முடியலன்னு அர்த்தம், திரும்பப் போய் கேளுங்க.

இன்னொரு வழி, அரசு அங்கீகாரம் உள்ள ஸ்கிராப்பிங் சென்டர். 2021 செப்டம்பர்ல மத்திய அரசு இதுக்கு தனி விதி போட்டுச்சு. வயசான வண்டி மட்டும்தான் எடுப்பாங்கன்னு நெனச்சுக்காதீங்க, தீ, கலவரம், வெள்ளம், விபத்துன்னு எதுல அடிபட்ட வண்டியா இருந்தாலும் ஓனர் இது ஸ்கிராப்புன்னு எழுதிக் குடுத்தா எடுத்துக்கலாம்னு அந்த விதியில இருக்கு. வண்டியை குடுத்ததும் டெபாசிட் சர்டிஃபிகேட் ஒண்ணு தருவாங்க, உடைச்சு முடிச்சதும் ஸ்கிராப்பிங் சர்டிஃபிகேட், ரெண்டும் வாகன்ங்கற அரசு வண்டிப் பதிவு டேட்டாபேஸ்ல ஏறிடும். டெபாசிட் சர்டிஃபிகேட் வச்சு அடுத்து வாங்குற சொந்த உபயோக வண்டிக்கு சாலை வரியில 25 சதவீதம் வரைக்கும் குறைக்கலாம்னு மத்திய விதி சொல்லுது, எவ்ளோங்கறதை மாநில அரசு முடிவு பண்ணும். பக்கத்துல இருக்குற காயலான் கடையில போட்டா இந்த ரெண்டு பேப்பரும் வராது, ஞாபகம் வச்சுக்குங்க.

வண்டி திருடு போய் டோட்டல் லாஸ் ஆகுறது தனி கேஸ். அங்க வண்டியே இல்லாததால கேன்சல் பேச்சு வராது, போலீஸ்கிட்ட கண்டுபிடிக்க முடியலன்னு சர்டிஃபிகேட் வாங்கி, ரெண்டு சாவியும் குடுத்து, உரிமையை கம்பெனிக்கே மாத்தி குடுக்கணும். பின்னாடி வண்டி கிடைச்சா அது கம்பெனி வண்டி.

எல்லாத்தையும் மீறி ஆர்சியோடதான் குடுக்குறேன்னு முடிவு பண்ணா, குறைஞ்சபட்சம் வாங்குறவர் பேரை, தேதியை ஃபார்ம்ல எழுதின பிறகு கையெழுத்து போடுங்க, அவரோட ஆதார் காப்பி, டெலிவரி நோட் நேரத்தோட வாங்குங்க, பிரிவு 50 படி 14 நாளைக்குள்ள நீங்களே ஆர்டிஓ-க்கு வித்துட்டேன்னு தெரிவிக்கணும். பழைய வண்டி டீலரா இருந்தா ஆர்டிஓ அங்கீகார சர்டிஃபிகேட் இருக்கான்னு கேளுங்க, 2023 ஏப்ரல்ல இருந்து அங்கீகாரம் உள்ள டீலர்கிட்ட ஃபார்ம் 29சி (வண்டியை டீலர்கிட்ட குடுத்துட்டேன்னு ஆர்டிஓ-க்கு தெரிவிக்கிற ஃபார்ம்) போட்டு ஒப்படைச்சா அதுக்கப்புறம் நடக்குறதுக்கு அந்த டீலர்தான் பொறுப்பு.

பழைய கார் வாங்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆர்சியை பாத்து டோட்டல் லாஸ் வண்டின்னு கண்டுபிடிக்க முடியாதுன்னு மேலயே சொன்னேன், அதனால மூணு வருஷத்து இன்சூரன்ஸ் காப்பி கேளுங்க. க்ளெய்ம் பண்ணாத வண்டிக்கு பிரீமியத்துல குறைக்கிற போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம்னு வருஷா வருஷம் ஏறிட்டு வரும், நடுவுல டபக்குனு பூஜ்யம் ஆயிருந்தா ஒரு க்ளெய்ம் நடந்திருக்கலாம், என்ன காரணம்னு கேளுங்க. இடையில சில மாசம் இன்சூரன்ஸே இல்லாம இருந்தா அந்த நேரத்துல வண்டி எங்க கிடந்துச்சுன்னு கேளுங்க. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல சர்வீஸ் ஹிஸ்டரி எடுங்க. சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்து பாருங்க, வெள்ளத்துல போன வண்டியில சீட்டு கவரை மாத்திருப்பாங்க, கார்பெட்டை கழுவியிருப்பாங்க, பெல்ட்டோட அடி முனையில சேத்துக் கறை அப்படியே இருக்கும். சீட்டுக்கு அடியில இருக்குற ரயில்ல துரு, ஸ்டெப்னி வைக்கிற குழியில வண்டல், இதெல்லாம் டார்ச் அடிச்சு பாருங்க. சேசிஸ் நம்பரை பென்சில் பிரிண்ட் எடுக்கும்போது நீங்க பக்கத்துலயே நில்லுங்க, அந்த நம்பரை சுத்தி விரலால தடவி பாத்தா வெல்டிங் மேடு தட்டுப்படுதா, பெயின்ட் அங்க மட்டும் புதுசா இருக்கான்னு தெரியும். சந்தேகம் வந்தா அட்வான்ஸ் குடுக்காதீங்க.

கம்பெனி கேன்சல் அடிப்படையில தரமாட்டேன்னு அடம் பிடிச்சா அவங்களோட குறைதீர்ப்பு பிரிவுக்கு எழுதுங்க. 30 நாள்ல பதில் வரலன்னாலோ வந்த பதில் திருப்தியா இல்லன்னாலோ ஒரு வருஷத்துக்குள்ள இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், தமிழ்நாட்டுக்கு சென்னை ஆபீஸ், 50 லட்சம் வரைக்கும் உள்ள கேஸை எடுப்பாங்க, ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேணாம். மெயில்ல எழுத சொன்னது இதுக்காகவும்தான், அங்க போய் காட்ட உங்ககிட்ட பேப்பர் இருக்கணும்.