பின்பக்கத்து இரண்டு விளக்குகள்

ஐப்பசி இடி இடித்து ஓய்ந்த மறுநாள் காலை, கடலூர் தேவனாம்பட்டினத்தில் என் அக்கா வீட்டு மேசைக் கணினியில் இணையம் இல்லை. கைப்பேசியில் வைஃபை நன்றாகவே ஓடியது. கணினி மட்டும் கேபிள் செருகப்படவில்லை என்று சாதித்தது. கேபிளோ செருகியபடியே இருந்தது. கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டு போய்விட்டது, மாற்றிவிடலாம் என்று பழுது பார்ப்பவர் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். நாடி பிடிக்காத வைத்தியம்!

இந்த மாதிரி நேரத்தில் திரையை விட்டுவிட்டுப் பெட்டியின் பின்பக்கம் போக வேண்டும். இணையக் கேபிளைச் செருகும் துளையான லேன் போர்ட்டின் ஓரங்களில் அரிசி அளவில் இரண்டு விளக்குகள் இருக்கும். மறுமுனையில் உள்ள ரவுட்டரோடு தொடர்பு கிடைத்திருக்கிறதா, எவ்வளவு வேகத்தில், தகவல் போய்வருகிறதா என்பதெல்லாம் அவற்றில் தெரியும். விளக்கு எரிந்தும் இணையம் வரவில்லை என்றால் லேன் வசதியை இயக்கும் மென்பொருளான டிரைவரையும் அமைப்புகளையும் சந்தேகிக்கலாம். வலையமைப்பில் கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரி தராததால் கணினி தனக்குத் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள்.

அக்கா வீட்டில் இரண்டு விளக்குகளும் இருட்டு. வேறு கேபிள், ரவுட்டரில் வேறு துளை, எதற்கும் அசையவில்லை. கணினியை மூன்று முறை அணைத்துப் போட்டாயிற்று என்றாள் அக்கா.

அணைத்தது கணினியை, கேபிள் தொடர்பைக் கவனிக்கும் லேன் சிப்பை அல்ல. சுவர் பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை, கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி 5 வோல்ட் மின்சாரத்தை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அணைந்து கிடக்கும் கணினியை வலையமைப்பு வழியாக எழுப்பும் வசதிக்காக, லேன் சிப் அந்த மின்சாரத்தில் அரைத்தூக்கத்தில் இருக்கும். இரவில் மின்னழுத்தம் துள்ளி அது குழம்பி நின்றுவிட்டால், எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அந்தக் குழப்பம் தெளியாமல் போகலாம். பிளக்கைப் பிடுங்கினேன். பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மின்தேக்கிகளில் மிச்சமிருந்ததை வடித்தேன். ஐந்து நிமிடம் கழித்துப் பிளக்கைச் செருகியதுதான் தாமதம், பவர் பொத்தானைத் தொடும் முன்பே பச்சை விளக்கு எரிந்தது.

“இவ்வளவுதானா?”

இல்லை. விண்டோஸ் வந்ததும் வேகம் நொடிக்கு 100 மெகாபிட் என்று காட்டியது. இரு முனையும் 1000 போகக்கூடியவை. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 100க்கு இரண்டு ஜோடி போதும், 1000க்கு நான்கும் வேண்டும். ஒரு கம்பி தொடாவிட்டாலும் பல சிப்கள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். மீண்டும் பிளக்கைப் பிடுங்கி, டார்ச் அடித்துப் போர்ட்டுக்குள் பார்த்தேன். எட்டு முள்களில் ஏழு பொன்னிறம். ஏழாவது இடத்தில் இருந்தது மட்டும் மங்கி, அடியில் பச்சைக் களிம்பு. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்து வீடு. மெல்லிய பொன்முலாம் தேய்ந்த இடத்தில் உப்புக்காற்று செம்பைத் தின்றிருக்கிறது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய தூரிகையால் நான்கு முறை நீவியதும் 1000 வந்தது.

சிப் உண்மையிலேயே கருகியிருந்தாலும் மதர்போர்டை மாற்றத் தேவையில்லை. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் அதை முடக்கிவிட்டு, உள்ளே ஒரு லேன் கார்டோ வெளியே யுஎஸ்பி அடாப்டரோ போட்டால் முடிந்தது. மதர்போர்டு விலையில் அது சிறு பங்குதான்.

போர்ட்டுக்கும் சிப்புக்கும் நடுவே மிகச் சிறிய மின்மாற்றிகள் உண்டு. கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல், காந்தப்புலம் வழியே மட்டும் குறிகையைக் கடத்துபவை. 1500 வோல்ட்டை ஒரு நிமிடம் தாங்க வேண்டும் என்பது, லேன் கேபிள் இணைப்புகளுக்கான ஈதர்நெட் தரத்தின் விதி. இடிக்கு அந்த அளவெல்லாம் ஒரு பொருட்டல்ல.

அன்று மாலையும் தாழங்குடா பக்கம் மின்னியது. அக்கா ஓடிப்போய் மின்சாரப் பிளக்கைப் பிடுங்கினாள். லேன் கேபிளை நான் பிடுங்கினேன்.